கூறு

உப்பரவம் செத்தபோது மணி இரண்டே முக்கால்.
பாட்ஸ்ஃபியூர்டில் நவம்பர் முடிகிறது.
இனி ஜனவரி பாதிவரை சூரியன் வராது,
ஆகவே இரண்டே முக்கால் என்பதற்குப்
பெரிதாக அர்த்தமில்லை.

எட்டுப் பேர். பதினோராவது முயற்சி.
ஹெட்செட்டில் யாரோ அழுதார்கள்,
யாரோ பியர் டின்னை உடைத்தார்கள்.
அரவத்தின் வயிற்றிலிருந்து விழுந்தது
ஒரே ஒரு வில்.

திரையில் மூன்று பொத்தான்கள்:
தேவை. ஆசை. விலகல்.

வில் வில்லாளிக்கு.
எங்கும் எழுதிவைக்கவில்லை.
அடுத்தவர் தட்டில் கைவைக்காதே என்று
எந்தச் சுவரிலும் எழுதிவைப்பதில்லையே, அப்படி.
எங்கள் வில்லாளி அய்லு.
கவுத்தோகெய்னோவில் பனிவண்டி பழுதுபார்ப்பவன்.
ஆறு வாரமாக அரதப்பழசான வில்லோடு வந்து
ஒருநாள்கூடத் தாமதிக்காதவன்.

நான் கோடாரிக்காரி.
வில்லைத் தலைகீழாகப் பிடிப்பவள்.
ஆனால் அது நீலமாக மினுங்கியது.
விற்றால் நாலாயிரம் பொன் என்று
கை கணக்குப் போட்டது, நான் போடவில்லை.
அழுத்தியதும் கைதான்.
தேவை.

பகடை உருண்டது.
அய்லு அறுபத்திரண்டு.
நான் தொண்ணூற்றேழு.

யாரும் திட்டவில்லை.
பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின.
அய்லு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தான்.
"நல்ல பகடை" என்றான்.
அதில் ஒரு குத்தல் இருந்திருந்தால்
நான் தூங்கியிருப்பேன்.

இரண்டு மணி நேரம் அவகாசம் உண்டு.
அதற்குள் கொடுக்கலாம், விற்கலாம்.
தாண்டினால் பொருள் எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும்.

"தவறி அழுத்திவிட்டேன்" என்று எழுதினேன்.
பொய். அழித்தேன்.
"உனக்கு வேண்டுமா?" என்று எழுதினேன்.
ஆறு வாரமாக எல்லாரும் அறிந்ததைக்
கேள்வியாக்குவது என்ன மரியாதை?
அழித்தேன்.
மன்னிப்பு ஒருவழியாக வாக்கியமானபோது
மணி நாலு ஐம்பது.
வில் என் தோலாகியிருந்தது.

ஐந்தரைக்குப் படகு. நண்டுக்கூடைகள்.
எங்கள் கூட்டத்தின் கேடயம் தூர்கெய்ர்.
படகும் அவனுடையதுதான்.
கூடை ஏற்றினான், பனிக்கட்டி உடைத்தான்,
இரவைப் பற்றி மூச்சுவிடவில்லை.
கரைக்கு வந்ததும்
எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினான்:
படகுக்கு இவ்வளவு, டீசலுக்கு இவ்வளவு,
மீதியில் ஆளுக்கொன்று.
போன மார்ச்சில், நாள் முழுக்க
வாந்தியெடுத்துச் சுருண்டுகிடந்தவளுக்கும்
முழுதாகத் தந்தவன்.
இன்றும் முழுதாகவே
கூறு போட்டான்,
ஒன்றும் கூறாமல்.

அடுத்த வாரம் எதற்கும் கை நீட்டவில்லை.
கோடாரி விழுந்தது: விலகல்.
எனக்கென்றே அடித்த மார்க்கவசம்: விலகல்.
மூன்றாவது முறை ஒட்னி மைக்கைத் திறந்தாள்.
எங்கள் வைத்தியச்சி. ஹாமர்ஃபெஸ்டில்
நிஜ ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்.

"இதென்ன விரதமா?
உன் கவசம் கிழிந்தால் தைப்பது நான்.
தேவையில்லாததை எடுத்தாய், முடிந்தது.
இப்போது தேவையானதை விட்டுவிட்டு
எங்களைப் பார்க்கவைக்கிறாய் பார்,
அதற்கு நாலாவது பொத்தான் வேண்டும்."

யாரோ சிரித்தார்கள். நான் இல்லை.

அய்லு இன்னும் பழைய வில்லோடுதான்.
ஒவ்வொரு அம்புக்கும் நாண் முனகுவது
எட்டு வீட்டிலும் கேட்கும்.
நீல வில் என் பையின் கடைசி அறையில்.
அழித்துவிடலாம்.
"நிச்சயமாகவா?" என்று கேட்கிறது திரை.
ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லாமல் மூடுகிறேன்.

அன்றிரவு கடைசியாகக் கையுறை விழுந்தது.
எனக்கும் சொல்வேவுக்கும் மட்டும் பொருந்தும்.
யாரும் பேசவில்லை.
என் வீட்டு ஹீட்டர் டிக் டிக் என்றது.

"எனக்கு இது தேவை" என்றேன்,
வாய்விட்டு, எல்லாருக்கும் கேட்க.
பிறகுதான் அழுத்தினேன்.

மூன்று.
நூற்றுக்கு மூன்று.

முதலில் சிரித்தவன்
அய்லு.