சாட்சிக் கையெழுத்து

குளச்சலில் முதல் பஸ்.
தக்கலையில் மாறி, திருவட்டார் தாண்டும்போது
உப்புக்காற்று இறங்கிக்கொள்ள
ரப்பர் பாலின் புளித்த நெடி ஏறிக்கொள்ளும்.
பிளஸ் டூ முடியும்வரை
நான் குலசேகரத்துக்காரி.
முதன்மைக் கண்காணிப்பாளர் என்கிறது உத்தரவு.
வாட்ச்மேன் தங்கையனுக்கு வெறும் சீஃப்.

இருநூற்றுப் பதினேழு பேர், பதினோரு அறை.
பெஞ்சு போதாமல்
நடுநிலைப் பள்ளியில் இரவல் வாங்கியதில்
ஆறடிப் பையன்களுக்கு முழங்கால் இடிக்கிறது.
ஒன்பதாம் அறையில் சாக்கட்டியால் எழுதிய ஒரு எண்ணை
ராத்திரி ஆடு நக்கிவிட்டது என்றார் தங்கையன்.
ஆடு மாடியேறுமா என்று கேட்கவில்லை.
மறுபடி எழுதினேன்.

எட்டரைக்கு வேன், போலீஸ்காரரோடு.
அலமாரிக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி என் கைப்பையில்.
மற்றதைத் துறை அலுவலர் ததேயுராஜ்
செபமாலையோடு கோத்து வைத்திருக்கிறார்.

கணக்குப் பரீட்சை அன்று பார்த்து
குருசடியில் மைக் கட்டித் தவக்காலத் தியானம்.
எதிரே அம்மன் கோவில் கொடைக்குக் கூம்பு ஸ்பீக்கர்.
இரண்டு இடத்துக்கும் தங்கையனை அனுப்பினேன்.
"அவிய நிறுத்தினா நாங்க நிறுத்துவோம்ணு
ரெண்டு கூட்டரும் செல்லுதாவ."
ஒன்பதே முக்காலுக்கு
யார் முதலில் என்று தெரியாதபடி
இரண்டும் அணைந்தன.
தோட்டத்தில் சருகு விழுவது கேட்டது.

பத்து மணி. நான்காம் அறை வாசலில் நின்றேன்.
உறை பிரிக்குமுன்
முத்திரை கலையாமல் இருந்தது என்று
இரண்டு பிள்ளைகள் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும்.
முதல் பையன் உறையைப் பார்க்கவே இல்லை.
விரல் ரேகையில் காலையில் வெட்டிய பால்
கறுத்துக் கிடந்தது.
கோழி கிளறினாற்போல் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

இரண்டாவது, ப்ரவிஜா.
பேனாவை மூடினாள்.
"சார், ஒண்ணு பாத்துக்கிடட்டா?"
விமலகுமாரன் சார் என்னைப் பார்த்தார்.
அவள் உறையைத் திருப்பினாள்.
நான்கு ஓரமும் விரலால் தடவினாள்.
பாடக் குறியீட்டை ஹால்டிக்கெட்டோடு ஒத்துப் பார்த்தாள்,
எண்ணிக்கையை வாய்க்குள் வாசித்தாள்,
எங்கள் கடற்கரையில் பெண்கள்
செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே,
அந்த அவசரமின்மை.
பதினெட்டுப் பேர் நெளிந்தார்கள்.
இருபத்தாறு வருஷத்தில்
எவரும் மறுபக்கம் பார்த்து நான் பார்த்ததில்லை.
நானும் பார்த்ததில்லை.

"செரியாட்டு இருக்கு" என்றாள்.
முழுப் பெயரும் தகப்பன் முதலெழுத்தும்
தேதியும் போட்டாள்.

ஒன்றேகால்.
விடைத்தாள் கட்டு, துணிப்பை, அரக்கு மணம்.
என் முன்னால் முப்பத்தெட்டுத் தாள்.
வழக்கமாய்க் கீழோரத்தை மட்டும் ததேயுராஜ் விரித்துக் கொடுப்பார்,
மதியச் சோற்றுக்கு என்ன குழம்பு என்று பேசிக்கொண்டே
கையெழுத்துப் போடுவேன்.
இன்று ஒவ்வொன்றாய்த் திருப்பினேன்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.
"எல்லாம் நான் பாத்ததுதான் மேடம்."
குரலில் ஒரு முள்.
சரியாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் அறை: வராதவர் ஒன்று.
சிவப்பு மை வட்டத்துக்குள் ஒரு எண்.
விடைத்தாள் பத்தொன்பது. அதுவும் சரி.
ஆனால் அந்த எண்ணை
நான்தான் இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

பெயர்ப்பட்டியல் கேட்டேன்.
"படிவத்துல பேருக்கு எடமே இல்லையே மேடம்."
"தெரியும். கொண்டு வாங்க."

கையெழுத்துப் போட்டேன். வேன் போயிற்று.

பெயருக்கு நேரே ஒரு செல் எண்.
அடித்தேன்.
ஏழாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.
அந்த நேரம் பார்த்துக்
குருசடியும் கோவிலும்
சேர்ந்தே தொடங்கின.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு,
ஹலோ, என்றேன்,
ஹலோ, கேக்குதா,
பள்ளிக்கூடத்துலேருந்து பேசுதேன்.