கடன் என்ற சொல்

கூம்புக் குழாய்க்கு மதம் கிடையாது,
உப்புத் துரு மட்டும் உண்டு.
கோயில் கொடியேற்றம், ஏர்வாடிச் சந்தனக்கூடு,
முளைப்பாரி, இறால் கம்பெனித் திறப்புவிழா
எல்லாவற்றுக்கும் என் இரண்டு கூம்புகள்தான்.
கடவுள் இல்லை என்கிற கூட்டத்துக்கும் அவையேதான்.
அந்த வாடகை மட்டும் எப்போதும் பாக்கி.

தோழர் கனல்வேந்தன் தொண்டிப் பக்கத்துக்காரர்.
ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இன்னாசி.
அதைச் சொன்னால் முறைப்பார்.
சொல்லாவிட்டாலும்
பேச்சு சூடேறும்போது
பூசைக்கு மணியடித்த பையனின் ராகம்
தானாக வந்து ஏறிக்கொள்ளும்.

தங்கச்சிமடம் பேருந்து நிறுத்தம்.
பூவரசில் கட்டிய ட்யூப்லைட்.
கச்சான் வீசிய இரவு என்பதால்
மைக்கில் காற்று பாதி, தோழர் பாதி.
கையில் அட்டை கிழிந்த வேதபுத்தகம்;
கேலிக்கென்றே ஊர் ஊராய்ச் சுமந்து வருவது.

"கோயிலில் என்ன சொல்கிறீர்கள்?
குற்றத்தை மன்னியும் என்கிறீர்கள்.
இந்தப் பழைய பெயர்ப்பில் அதே இடத்தில்
கடன் என்று போட்டிருக்கிறான்.
குற்றத்தை வாயால் மன்னிக்கலாம், செலவில்லை.
கடனை மன்னிக்க நோட்டை எடுக்கணுமே, ஐயா!
இந்தக் கரையில் எவனாவது எடுத்திருக்கிறானா?
ஒருத்தனைக் காட்டுங்கள்.
அன்றைக்கே முழங்கால் போடுகிறேன்."

கைதட்ட நான்கு பேரை வைத்திருந்தார்கள்.
அவர்களும் மறந்துவிட்டார்கள்.

கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் சலேத்தம்மாள்.
அவள் புருஷன் போய் இரண்டு பங்குனி.
படகு வரவில்லை, உடம்பு வரவில்லை,
எஞ்சின் கடன் மட்டும் கரை திரும்பியது.
எதிர் மாடியில் விளக்கை அணைத்துவிட்டு
எட்வின் பூபாலராயர் நின்றார்.
சுருட்டின் நுனி சிவந்தது,
நெடுநேரம் சிவக்கவே இல்லை,
மறுபடி சிவந்தது.

அந்தச் செபத்தை ஆயிரம் தடவையாவது
நானே ஒலிக்கவிட்டிருப்பேன்.
சத்தம் சரியா என்று கேட்டிருக்கிறேன்.
சொல் என்னவென்று கேட்டதில்லை.
எங்கள் பள்ளியிலும் இதே பேச்சு உண்டு:
இல்லாதவனுக்குத் தவணை கொடு,
விட்டுவிட்டால் இன்னும் நல்லது.
தலையாட்டிவிட்டு வந்து
அன்று சாயங்காலமே பாக்கி கேட்கப் போவேன்.

சனிக்கிழமை பங்குக் கணக்கு.
சலேத்தம்மாள் பெயர் வரவில்லை.
கணக்குப்பிள்ளையைக் கேட்டார்கள்.
"ஈரத்தில் பக்கம் ஒட்டிக்கொண்டது" என்றார்.
நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அது ஒன்று மட்டும்.

பூபாலராயர் சாராயத்தில் ஒருமுறை உளறினார்:
"தர்மமாவது மண்ணாவது!
அந்த இன்னாசிப் பயலை
மேடையில் பொய்யனாக்கணும், அவ்வளவுதான்."

அடுத்த மாதம் தோழர் வந்தார்.
டீக்கடையிலேயே சேதி சொல்லிவிட்டார்கள்.
"அது வீம்பு, மன்னிப்பு இல்லை" என்று கத்தினார்.
"வீம்போ என்னவோ,
அவள் பையன் பள்ளிக்கூடம் போகிறான்"
என்றாள் வடை போடுகிறவள்.
அன்றைய பேச்சு சீக்கிரம் முடிந்தது.
அந்தப் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது.

கூம்பை இறக்கும்போது சொன்னேன்:
"தோழர், மூன்று கூட்டத்து வாடகை, நானூற்றைம்பது.
வேண்டாம், விட்டுவிட்டேன்."
அடித்ததுபோல் திரும்பினார்.
"கனி பாய், நான் அதற்காகவா பேசினேன்?"
"எதற்காகப் பேசினீங்களோ,
கூம்பு வழியா வந்தது அதுதான்."

அப்போது யூனிட் திருகு ஒன்று
என் கைதவறி மணலில் விழுந்தது.
நான் பிடித்திருந்த கூம்பை விடமுடியாது.
டார்ச்சை வாங்கிக்கொண்டு
தோழர் முழங்காலிட்டுத் தேடினார்,
பூவரசின் அடியில்,
மணலை விரலால் அரித்து அரித்து.
கடைசி ரயில் பாம்பன் பக்கம் போகிற சத்தம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்கும் அது தோன்றியிருக்கவேண்டும்;
சட்டென்று எழுந்து வேட்டியைத் தட்டினார்.

திருகு கிடைக்கவில்லை.
பணம் மணியார்டரில் வந்தது, முழுசாய்.
வேறு திருகு போட்டேன், சேரவில்லை.
இடது கூம்பு இப்போதும் கொஞ்சம் கரகரக்கும்,
யார் பேசினாலும்.