ஒரு போரூர்

பகல் முழுக்கக் கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை.
உஸ்மான் ரோட்டில் ஐந்து மாடித் துணிக்கடை,
அதன் அடித்தளத்தில் ஒரு திரை,
திரைக்குள் பதினாறு சதுரங்கள்.
முகத்தைப் பார்க்காதே என்றார் ஜெயசீலன்
சேர்ந்த அன்றே.
முகம் நடிக்கும். விரலைப் பார்.
ஒன்பது வருஷமாக விரலைப் பார்க்கிறேன்.
மடித்த புடவைக்கு அடியில் நுழையும் விரல்,
விலைச்சீட்டைப் பிய்க்கும் விரல்.
எடுத்து, கொஞ்சம் நின்று,
எடுத்த இடத்திலேயே வைத்துவிடும் விரல்களும் உண்டு.
அவற்றுக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ராத்திரி பத்தேகால் பஸ்.
ஏறும்வரை யாரும் யாருக்கும் மனிதரில்லை.
ஜன்னல் வழியே கைக்குட்டை பறக்கும்,
டிபன் பை பறக்கும்,
ஒரு நாள் ஒற்றைச் செருப்பு பறந்துவந்து
இடம் பிடித்துக்கொண்டது, அதை யாரும் மறுக்கவும் இல்லை.
நான் முழங்கையால் இடித்த பெரியவர்
தன் முழங்கையால் இன்னொருவரை இடித்தார்.
தவறென்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஏறிய பிறகு என்னவோ ஆகிவிடுகிறது.
கண்டக்டர் பின்சீட்டை விட்டு எழுவதில்லை.
எழ வேண்டிய தேவையும் இல்லை.
ஐந்நூறு ரூபாய்த் தாளை, என் ஒரு நாள் கூலியை,
முன்பின் தெரியாத ஒரு தோளில் தட்டி நீட்டினேன்:
ஒரு போரூர். பின்னாடி குடுங்க.
பெயின்ட் காய்ந்த கை வாங்கியது.
மருதாணிக் கை வாங்கியது.
போனிலிருந்து கண்ணை எடுக்காமலே
ஒரு கை வாங்கிக் கண்ணை எடுக்காமலே கொடுத்தது.
அப்புறம் தலைகள் மறைத்தன.

பவர் ஹவுஸில் பிரேக்.
பாதிக் கைகள் இறங்கின, வேறு கைகள் ஏறின.
நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன்
இறங்கி வேகமாக நடந்தான். இவன்தான்.
உயரம், நடை, பையின் நிறம்
எல்லாம் குறித்துக்கொண்டேன்.
தொழில் புத்தி.

வடபழனி சிக்னலில் பணம் வந்தது,
நான் பார்த்தே இராத ஒரு கையிலிருந்து,
ரூபாய்த் தாள்களுக்குள் டிக்கெட்டைச் சுருட்டி.
எண்ணினேன். நானூற்று எண்பத்தைந்து வரவேண்டும்.
ஐந்நூற்று ஐந்து இருந்தது.
திரும்ப எண்ணினேன்.

“அண்ணா, பதினஞ்சு வந்துச்சு, இருபது வரல.”
பின்னாலிருந்து ஒரு பையன்.
தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைக்கிறான்,
கம்பி தூக்கி வைப்பது போல.
குடுத்தாச்சுப்பா என்கிறார் கண்டக்டர்.
வரல அண்ணா.
அவன் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டி ஒருவர் சிரித்தார்.
யார்கிட்ட மாட்டிக்கிச்சோ குடுத்துடுங்கம்மா,
ஒரு பெண் குரல்.
யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
இங்கே சதுரங்கள் இல்லை.

விருகம்பாக்கம் போனது.
மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.
பதினொன்று வரை எண்ணியது நினைவிருக்கிறது.
பாக்கெட்டுக்குள் என் விரல்
மற்றதிலிருந்து அந்த இருபதைத் தனியாகப் பிரித்துவைத்திருந்தது.
கொடுக்கவா, வைத்துக்கொள்ளவா,
அதை நான் கேட்கவில்லை.

ஆழ்வார்திருநகர் தாண்டித்தான் திரும்பினேன்.
பக்கத்தில் நின்றது நான் இடித்த பெரியவர்.
பின்னாடி அந்தத் தம்பிக்கு, என்றேன்.
எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு நேரம்,
ஒன்றும் கேட்கவில்லை. வாங்கினார், கொடுத்தார்.
ஒரு கை. இன்னொரு கை.
வளையல் போட்ட மூன்றாவது கை வரை தெரிந்தது.
அதற்குப் பிறகு குரல் வரவில்லை.
கிடைத்திருக்கலாம்.
வளசரவாக்கத்தில் அவன் இறங்கியும் போயிருக்கலாம்.

போரூரில் இறங்கும்போது
யாரோ விலாவில் நன்றாக இடித்தார்கள்.

காலையில் ஜெயசீலன் பதிவேட்டை நீட்டினார்.
நேத்து ஏதாவது?
எதுவும் இல்லை என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.