ஐம்பது கிலோ கட்டி

முட்டம் துறைமுகம். விடியக்காலம் மூன்றரை.
ஐஸுக்குக் காத்து நிற்கின்றன விசைப்படகுகள்.
உப்புவெள்ளத் தொட்டியிலிருந்து டின்னைத் தூக்கிக்
கவிழ்க்கிறேன்.
வழுக்கி வருகிறது கட்டி,
ஓரமெல்லாம் கண்ணாடி,
நடுவில் மட்டும் வெள்ளையாய் ஒரு முதுகெலும்பு.

அது காற்று என்றாள் செல்சிட்டா,
லீவில் வந்தபோது இந்த ஈரத் தரையில் குந்தியிருந்து.
உறையும்போது ஓடத் தெரியாமல் மாட்டிக்கொண்ட காற்று.

தங்கைக்கு வேலை ஸ்பிதிப் பக்கம், பனியாற்றின் மேல்.
அங்கே டின் இல்லை, அமோனியா இல்லை, கரண்ட் பில் இல்லை.
போன வருடப் பனிமேல் இந்த வருடப் பனி,
அதன்மேல் அடுத்தது.
அடியில் கிடப்பது நசுங்கி, மணியாகி,
மணிகள் ஒட்டி, நீலமாகும்.
"ஒரு கட்டிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் உனக்கு?"
"இருபத்துநாலு மணி. வோல்டேஜ் இருந்தால்."
"அங்கே நூறு வருஷம்கூட ஆகும்."
முதலாளி கேட்டால் மயங்கி விழுவார்.

அது நிற்காதாம். நடக்குமாம்,
தன் பாரத்திலேயே, நாளைக்கு ஒரு விரற்கடை,
கல் பதித்த உப்புத்தாளாய் மலையைத் தேய்த்துக்கொண்டு.
அந்த மாவு கலந்து இறங்கும் ஆறு
கஞ்சித்தண்ணீர் நிறம்.
வீடளவு பாறையைச் சுமந்துபோய்
அதற்கு உறவில்லாத பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டுத்
தான் மட்டும் உருகிப்போகும்.

கடலரிப்புத் தடுப்புச் சுவரைக் காட்டினேன்.
"சித்திரங்கோட்டுக் கல். ஒரே ராத்திரியில்
டாரஸ் லாரி தட்டிவிட்டுப் போனது."
அவள் சிரிக்கவில்லை.
விரலை ஓட்டிக் கீறல் தேடினாள்.
வெடிவைத்த துளையின் பாதிக் குழாய்தான் இருந்தது.

மூங்கில் நடுவார்களாம்,
நீராவியால் துளைத்துப் பத்து மீட்டர் ஆழத்துக்கு.
அடுத்த வருடம் எவ்வளவு வெளியே நிற்கிறதோ
அவ்வளவு பனி போயிற்று.
போன செப்டம்பரில் ஏழாம் நம்பர் மூங்கில்
படுத்துக் கிடந்ததாம்.
"நோட்டில் என்ன எழுதினாய்?"
"தேதி. நேரம். கிடக்கிறது."

"நடு வெள்ளை வேண்டாம் மக்கா, சீக்கிரம் கரையும்,"
கத்துகிறார் மிக்கேலடிமை.
வேறு கட்டியைக் கிரஷருக்குத் தள்ளுகிறேன்.
மூலையில் உடைந்து கிடந்த ஒன்றில்
குத்தூசியால் துளைபோட்டு
ஓர் ஈர்க்கிலை நட்டேன், சும்மா.

ஆறரைக்கு வந்து பார்த்தால்
நாலு விரல் வெளியே.
நடும்போது அளக்க மறந்திருந்தேன்.