மூலை இல்லாத அறை

இரவு இரண்டு மணி. திரானாவில் மழை.
என் திரையில் ஆறு ஜன்னல்கள்,
ஜன்னலுக்கு ஒருவராகத் தேர்வெழுதுகிறார்கள்.
யாரும் காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்ள
மணிக்கு முந்நூறு லெக் எனக்கு.

லாகோஸ்காரன் அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறான்,
தெருவின் ஜெனரேட்டர் சத்தம் நுழையாத இடம்
வீட்டில் அது ஒன்றுதானாம்.
லிமாவில் ஒருத்தி குளியலறையில்,
மடிக்கணினி சலவை இயந்திரத்தின் மேல்.
பட்டம் என்றால் தூண், படிக்கட்டு, மணிக்கூண்டு
என்று நினைத்திருந்தேன் ஒருகாலத்தில்.
நான் பாதியில் விட்ட கல்லூரியிலும் படிக்கட்டு உண்டு.
கட்டணம் கட்டும் வரிசை அதில்தான் நிற்கும்.

ஐந்தாவது ஜன்னல்: செவெல்மா,
பயன்ஹொங்கோர், மங்கோலியா. அங்கே காலை ஒன்பது.
கால்நடை நோய்ப் புள்ளியியல், இறுதித் தாள்.
விதிப்படி சொன்னேன்:
"கேமராவைச் சுழற்றி
அறையின் நான்கு மூலைகளையும் காட்டுங்கள்."

சுழற்றினாள்.
மரப்பின்னல் சுவர், ஆரஞ்சுப் பெட்டி,
சேணம், கதவு, அடுப்பு,
மறுபடி மரப்பின்னல், மறுபடி பெட்டி.
"மூலை?" என்றேன்.
"இது கெர். வட்டம்," என்றாள்.
"மூலை வேண்டுமென்றால்
நகரத்துக்குத்தான் போகவேண்டும். இரண்டு நாள் ஆகும்."

என் படிவத்தில் நான்கு கட்டங்கள்.
நான்கிலும் டிக் விழாமல் கேள்வித்தாள் திறக்காது.
சேணத்துக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று,
அடுப்புக்கு ஒன்று,
நான்காவது எதற்கென்று எனக்கே தெரியாது.

பதினொரு முறை இடப்பக்கம் பார்த்தாள்.
மென்பொருள் சிவப்புக் கொடி காட்டியது: கண் விலகல்.
துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறாளோ?
படத்தைப் பெரிதாக்கினேன்.
திருடனைப் பிடிக்கும் ஆசை எனக்கும் உண்டு,
பொய் சொல்லமாட்டேன்.

அப்போது அவள் வாயிலிருந்து புகை வந்தது.
புகையில்லை, மூச்சு.
எழுபதாம் நிமிடத்தில் லேசாக,
எண்பதில் அடர்த்தியாக,
அப்புறம் விடைக்கு ஒரு வெண்மேகம்.
விரல்களை அக்குளில் செருகிச் செருகி எடுத்துத் தட்டச்சினாள்.
போனில் பார்த்தேன்: அங்கே மைனஸ் முப்பத்தொன்று.
அடுப்பு அணைந்திருக்கிறது.
வறட்டிக் கூடை கதவோரம்,
அவளிடமிருந்து நாலு எட்டு.

விதி ஏழு: இருக்கையை விட்டு எழுந்தால் தாள் செல்லாது.
அவளுக்கு அதை வாசித்துக் காட்டியவளே நான்தான்.

பத்தொன்பதாம் கேள்வி எனக்கும் தெரிந்தது.
கடுங்குளிரில் ஒரு மந்தையின் இறப்பு விகிதத்தைக் கணக்கிடுக.
கணப்பு உள்ள ஏதோ அறையில்
நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார் யாரோ.

என்னிடம் ஒரு பொத்தான் உண்டு:
'எங்கள் தரப்பில் தொழில்நுட்பக் கோளாறு.'
அழுத்தினால் ஐந்து நிமிடம்
தாளும் மூடிக்கொள்ளும், கேமராவும் கண்மூடும்.
மாதத்தில் இரண்டு தாண்டினால்
மேற்பார்வையாளர் பெஸ்னிக் கூப்பிட்டு விசாரிப்பார்.
இரண்டும் தீர்ந்துவிட்டன.
அதில் ஒன்று உண்மையிலேயே கோளாறு.

அழுத்தினேன்.

ஐந்தாவது ஜன்னல் கருத்தது.
எழுந்தாளா, அல்லது
எழுந்தால் பிடித்துவிடுவேன் என்று பயந்து
இருட்டிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறாளா?
எழுந்துகொள் என்று சொல்ல வழியில்லை.
அரட்டைப் பெட்டியில் எழுதுவதெல்லாம் பதிவாகும்.
லிமாவும் லாகோஸும் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.
என் தேநீர் ஆறி ஆடை கட்டியது.

படம் திரும்பியபோது லென்ஸ் முழுக்க ஆவி.
முகம் தெளிவாக இல்லை என்றது மென்பொருள்.
ஆவி மெல்ல விலகியதும்
அவள் இடக்கன்னத்தில் ஒரு செம்மை அசைந்தது.
அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை அவள்.

இப்போது பெஸ்னிக் கூப்பிடுகிறார்.
என்ன கோளாறு என்பார்.
மணி அடிக்கட்டும் கொஞ்சம்.
லாகோஸ்காரன் அலமாரிக் கதவை
விரற்கடை திறந்து காற்று வாங்கிக்கொள்கிறான்.
அதை நான் பார்க்கவில்லை.