பதினான்காம் பக்கம்

விசாரணைக்கு முந்தின நாள் மாலை, கிரிம்ஸ்பியில்,
ஆளில்லாத மன்றத்தை அவர்களுக்குத் திறந்து காட்டினேன்.
கொரோனர் அங்கே உட்காருவார்.
கூண்டு கிடையாது, குற்றவாளி என்று யாரும் கிடையாது.
நீங்கள் இங்கே, கதவுக்குப் பக்கத்தில்.

ஹெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள்,
செருப்புக் கடையில் அளவு பார்ப்பதுபோல.
அவள் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
வண்டி நிறுத்த எத்தனை மணி நேரத்துக்குச் சீட்டு வாங்கணும்?

பதினொரு மாதம்.
அதற்குள் வங்கியிலிருந்து மூன்று கடிதம்,
மூன்றும் மகன் பேருக்கு.
கோப்பில் அவன் 'இறந்தவர்'.
முதல் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
ஜெத்ரோ. வீட்டில் ஜெத்.
கொரோனரிடமும் சொல்லிவைத்தேன்.

மருத்துவர் எழுதியது பதினான்காம் பக்கத்தில் வரும்.
வாசிக்குமுன் என் பேனாவைக் கீழே வைப்பேன்.
எழுந்து போய்விடலாம்.
யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மறுநாள் பேனாவை வைத்தேன்.
அவர் எழுந்தார்.
அவள் எழவில்லை.
பக்கம் முடியும்வரை என் முகத்தையே பார்த்திருந்தாள்.
நானும் பார்வையை எடுக்கவில்லை.
மேசைமேல் என் தண்ணீர்க் குவளை நடுங்கியது,
வெளியே ஏதோ லாரி.

நடைவழியில் கேட்டாள்:
அன்றைக்கு நான் போனை எடுத்திருந்தால்?
அதற்குத் தீர்ப்பு எழுத
இந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றேன்.
உங்களுக்கும் இல்லை, ஹெஸ்டர்.
நம்பினாளா, தெரியாது.

வாசலில் அவர் சீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார்.
இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி.
டீ குடிக்கலாமா என்றார்,
எங்கள் இரண்டு பேரையும் பார்த்து.