இன்று காற்று சரியில்லை

ஒதாருவில், மீன் உருண்டைக் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் கம்பெனி. மொத்தம் நான்கு பேர்.
மூவர் விளையாட்டைச் செய்தார்கள்.
நான் தொலைபேசியை எடுத்தேன்.

அட்டைப்பெட்டியின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணுக்கு
பள்ளி விட்டதும் மணி அடிக்கத் தொடங்கும்.
"அக்கா, மாலுமி பேசவே மாட்டேன் என்கிறார்."
பேசுவார். ஒன்றையே பேசுவார்:
இன்று காற்று சரியில்லை.
புயலிலும் அதுதான்
இலை அசையாத நடுப்பகலிலும் அதுதான்
மகள் கடலோடு போன இரவுக்குப் பிறகும்
அதே தொப்பி, அதே வாக்கியம்.
இரண்டாவது வாக்கியத்துக்கு
கேட்ரிட்ஜில் இடமில்லை என்றார் நிஷிகோரி.

இடமில்லை.
அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களிடம்
தேநீரைவிட அதிகம் புழங்கிய சொல்.
கடலுக்கு ஒரே ஓர் அலை வரைந்தோம்,
அதையே தொடுவானம் வரை ஒட்டினோம்.
இசைக்குப் பதினொரு நொடி.
எத்தனை வீடுகளில் எத்தனை அம்மாக்கள்
பன்னிரண்டாவது நொடியில்
"அதை நிறுத்தித் தொலை" என்றார்களோ.

பார். எடு. பேசு. தள்ளு.
'இழு' கிடையாது.
அதை யாரும் சொல்லாததால்
கதவுக்கெல்லாம் வளையம் வைத்து
அழகாக வரைந்துவிட்டார் ஹியோதோ.

விட்ட இடத்தில் தொடர ஐம்பத்திரண்டு எழுத்துகள்.
வாலில் ஒரு சுழி இருந்தால் அது நு,
இல்லாவிட்டால் மெ.
எட்டுப் புள்ளி அகலத்தில்
சுழிக்கு எங்கே போவது?
"நு இருக்கும் இடத்தில் மெ போட்டுப் பாரேன்."
"ஒன்பது நு இருக்கிறதே, அக்கா."

கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒரு நீலக் கதவு.
சாவி இல்லை.
தொலையவில்லை, ஒளித்து வைக்கவுமில்லை,
செய்யவே இல்லை.
முதலாளி முராமோதோ சொன்னார்:
"இல்லை என்று சொல்லாதே,
இன்னும் தேடச் சொல்."

வியாழன்தோறும் ஒரு பையன்.
"அகிதாவிலிருந்து குனிமத்சு பேசுகிறேன்"
என்பான், ஏதோ அரசு அதிகாரி போல.
பொதுத் தொலைபேசி. பேச்சுக்கு நடுவே
பத்து யென் காசுகள் விழும் சத்தம்.
அடுப்புக்கு அடியில் தேடு என்றேன்.
தேடினான்.
மாலுமியிடம் நாற்பது முறை பேசு என்றேன்.
பேசினான், எண்ணிக்கையோடு சொன்னான்.
படகுத்துறையில் இரவு முழுக்க
எதையும் அழுத்தாமல் நில் என்றேன்.
காய்ச்சல் என்று பொய் சொல்லி
விடிய விடிய நின்றிருக்கிறான்.

பிப்ரவரியில் ஒருநாள்
பெயர்கூடச் சொல்லாமல் தொடங்கினான்:
"திறந்துவிட்டது."

சின்ன அறையாம். ஒரு கட்டில்.
கட்டிலுக்கடியில் சிறுமியின் செருப்பு, ஈரமாக.
ஜன்னலுக்கு வெளியே கடல்,
ஒவ்வோர் அலையும் ஒவ்வொரு மாதிரி.
மாலுமி தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்திருந்தாராம்.
"வேறு ஒன்று சொன்னார், அக்கா."
என்ன சொன்னார்?
"அவர் சொன்னார்..."
காசு தீர்ந்துவிட்டது.

நிஷிகோரியிடம் கேட்டேன். சிரித்தார்.
கதவுக்குப் பின்னால் இருட்டுகூட இல்லையாம்,
மீன் விலைப் பட்டியல் தொடங்கும் இடமாம் அது.

பையன் பொய் சொன்னான். தெரியும்.
முதலில் சொன்னவள் நான்
என்பதும் தெரியும்.

அடுத்த வியாழன்
ஹீட்டரை அணைத்த பிறகும்
கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ஏழு மணிக்கு மணி அடித்தது.
சப்போரோவிலிருந்து ஒரு சிறுமி.
மாலுமி பேசவே மாட்டேன் என்கிறாராம்.

"பேசுவார்" என்றேன்.
"என்ன சொன்னார் என்று
எனக்கும் சொல்."